அப்பாவைக் கூட்டிட்டுப் போன டெல்டா ரோடு ட்ரிப்: 5 நாள், 1,100 கி.மீ., கடன் பூஜ்யம்



போன வீடியோவுல டெல்டா ட்ரிப் பத்தி ரெண்டே நிமிஷம்தான் பேசினேன். அதுக்கு வந்த கேள்வியில பாதி ஒரே கேள்வி: "மொத்தம் எவ்வளவு ஆச்சு?" வீடியோவுல அவசரமா சொல்லிட்டுப் போக முடியாத கணக்கு இது. அதனால ரூட், மாசம், செலவு, சேமிச்ச விதம், நான் பண்ணின தப்பு எல்லாத்தையும் இங்கே எழுதியிருக்கேன்.

முதல்ல தப்புல இருந்து ஆரம்பிக்கிறேன்.

லடாக் போன கடன்

2022 ஆகஸ்ட். ஆபீஸ் நண்பர்களோட லடாக் பைக் ட்ரிப். கையில காசு இல்லை. ஒரு ஆப்புல 1 லட்சம் பர்சனல் லோன், 16 சதவீத வட்டி, 24 மாசம். பத்து நிமிஷத்துல அக்கவுண்ட்டுக்கு வந்துடுச்சு. மாசம் 4,896 ரூபாய் இஎம்ஐ. "இது என்ன பெரிய தொகை"ன்னு நினைச்சேன். வட்டியா மட்டும் கட்டினது சுமார் 17,500. பிராசஸிங் கட்டணம், அதுக்கு ஜிஎஸ்டி தனி.

ட்ரிப் நல்லாத்தான் இருந்தது. அதைக் குறை சொல்ல மாட்டேன்.

2023 ஜூன்ல அப்பா ஊர்ல இருந்து போன் பண்ணினார். எங்க ஊர் திருத்துறைப்பூண்டி பக்கம். வெண்ணாறு பாசனம், கடைமடை. மேட்டூர்ல ஜூன் 12 தண்ணி திறந்துட்டாங்க. "தம்பி, ஒரு தடவை கல்லணை போய்ப் பார்த்துட்டு, அப்படியே அந்த கங்கைகொண்ட சோழபுரமும் போயிட்டு வரலாமா?"ன்னு கேட்டார். அவர் எதையும் கேட்கிற ஆள் இல்லை. நாற்பது வருஷமா கல்லணையில ஷட்டரைத் தூக்கினா இவர் வயலுக்கு எத்தனை நாள்ல தண்ணி வரும்னு விரல் விட்டு எண்ணினவர், கல்லணையை நேர்ல பார்த்ததே இல்லை. "வயலை விட்டுட்டு எங்கே போறது"ன்னு ஒவ்வொரு வருஷமும் தள்ளிப் போனது.

என் சம்பளத்துல வாடகை, இஎம்ஐ எல்லாம் போக மாசக் கடைசியில கையில நின்னது ரெண்டாயிரம், மூவாயிரம். "அடுத்த வருஷம் போலாம்ப்பா"ன்னு சொல்லிட்டேன்.

2024 ஆகஸ்ட்ல இஎம்ஐ முடிஞ்சுது. நவம்பர்ல அப்பாவுக்கு முழங்கால் ஆபரேஷன். இன்ஷூரன்ஸ் போக மிச்சத்தை நான் கட்டினேன். இப்போ அவர் நடப்பார், ஆனா நாலு படி ஏறினா ஒரு நிமிஷம் நிக்கணும். 17,500 ரூபாய் போனது எனக்கு இப்போ பெருசாத் தெரியலை. அவர் நல்லா நடந்துக்கிட்டிருந்த ஒரு வருஷத்தை நான் லடாக்குக்கு இஎம்ஐ கட்டி முடிச்சிட்டேன். அது திரும்ப வராது.

இந்தப் பதிவோட விஷயம் இவ்வளவுதான்: ட்ரிப்புக்குப் பின்னாடி 10 மாசம் கட்டுறதுக்குப் பதிலா, முன்னாடி 10 மாசம் போடுங்க. தொகை கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஆனா நடுவுல வீட்டுல யாராவது ஏதாவது கேட்டா, "சரி"ன்னு சொல்ல கையில காசு இருக்கும்.

எந்த மாசம்? அதுதான் பாதி பட்ஜெட்

டெல்டாவுல ஒரே இடம் ஜூன்ல ஒரு மாதிரி இருக்கும், ஜனவரியில வேற மாதிரி இருக்கும்.

ஜூன், ஜூலை: மேட்டூர் வழக்கமா திறக்கிறது ஜூன் 12. மூணு நாலு நாள்ல கல்லணைக்குத் தண்ணி வரும். ஆறு நிறையத் தண்ணி பார்க்கணும்னா இதுதான் நேரம். ஆனா தேதியை நம்பி ரூம் போடாதீங்க. 2022ல மே 24லேயே திறந்தாங்க, 2024ல ஜூலை 28 வரை திறக்கலை. பறவைகளும் இந்த சீசன்ல குறைவு.

அக்டோபர் கடைசி முதல் டிசம்பர் வரை: வடகிழக்குப் பருவமழை. 2018 நவம்பர் 16 கஜா புயல் வேதாரண்யம் பக்கம்தான் கரை கடந்தது. இந்த மாசங்கள்ல போறதா இருந்தா, கேன்சல் பண்ணினா காசு திரும்பக் கிடைக்கிற ரூம் மட்டும் போடுங்க. நூறு இருநூறு கூட ஆனாலும் பரவாயில்லை.

ஜனவரி: என் ஓட்டு இதுக்குத்தான். வெயில் குறைவு, சம்பா கதிர் முத்தி நிக்கும், வடுவூர்லயும் கோடியக்கரையிலயும் வலசைப் பறவைகள் இருக்கும். பொங்கல் வாரத்துலயும், பெரும்பாலும் ஜனவரியில வர்ற திருவையாறு தியாகராஜர் ஆராதனை சமயத்துலயும் தஞ்சாவூர்ல ரூம் கிடைக்கிறது கஷ்டம், கிடைச்சாலும் விலை ஏறியிருக்கும். அந்த ரெண்டையும் தவிர்த்துடுங்க.

நாங்க போனது 2026 ஜனவரி 24 சனிக்கிழமை. திங்கள் குடியரசு தினம். செவ்வாய், புதன் ரெண்டு நாள் மட்டும் லீவு. ரெண்டு லீவுல அஞ்சு நாள்.

ரூட்

ஒரு விஷயம் தெளிவா சொல்லிடறேன். தமிழ்நாட்டுல இருக்கிற 5 தேசியப் பூங்காவுல எதுவும் டெல்டாவுல இல்லை. இங்கே இருக்கிறது வனவிலங்கு சரணாலயமும் பறவைகள் சரணாலயமும். அதுக்காகக் குறைச்சு எடை போடாதீங்க. கோடியக்கரை 2002லயும் வடுவூர் 2022லயும் ராம்சர் பட்டியல்ல சேர்ந்த ஈரநிலங்கள்.

முதல் நாள், சென்னை – சிதம்பரம் – கங்கைகொண்ட சோழபுரம் – கும்பகோணம்: காலையில 4 மணிக்குக் கிளம்புங்க. லாங் வீக்கெண்ட் கூட்டத்துல ஒரு மணி நேரம் லேட்டானா ரெண்டு மணி நேரம் போயிடும். சிதம்பரம் கோயில் பார்த்து, சாப்பிட்டு, காட்டுமன்னார்கோயில் வழியா வீராணம் ஏரிக்கரையோட போனோம். கொள்ளிடத்துல கீழணையில தேக்கின தண்ணி வடவாறு வழியா இந்த ஏரிக்கு வந்து, இங்கிருந்து குழாய்ல சென்னைக்குப் போகுது. அப்பா ஏரியைப் பார்த்துட்டு, "அப்ப நீயும் எங்க தண்ணியத்தான் குடிக்கிறியா"ன்னு சிரிச்சார்.

கங்கைகொண்ட சோழபுரம் முதலாம் ராஜேந்திரன் கட்டின தலைநகரம். சுமார் 250 வருஷம் சோழர்களுக்கு அதுதான் தலைநகர். மதியம் நடை சாத்திடுவாங்க, 4 மணிக்கு மேலதான். படி உயரம் பார்த்துட்டு அப்பா புல்வெளியில உட்கார்ந்துட்டார். "நீங்க போயிட்டு வாங்க, எனக்கு இங்கிருந்தே தெரியுது." அந்த இடத்துல எனக்கு 2023 ஜூன் போன் ஞாபகம் வந்துச்சு.

ரெண்டாவது நாள், தாராசுரம் – தஞ்சாவூர்: காலையில தாராசுரம், மதியம் தஞ்சாவூர் அரண்மனையும் சரஸ்வதி மகால் அருங்காட்சியகமும், சாயங்காலம் பெரிய கோயில். கோயில் மூடியிருக்கிற மதிய நேரத்தை அரண்மனைக்கு ஒதுக்கினா ஒரு அரை நாள் மிச்சம். அரை நாள் மிச்சம்னா ஒரு ராத்திரி ரூம் மிச்சம்.

பெரிய கோயில் 1010ல முடிஞ்சது, அது எல்லாருக்கும் தெரியும். நம்ம சேனல் ஆளுங்க பார்க்க வேண்டியது சுவர்ல இருக்கிற கல்வெட்டு. அது ஒரு கணக்குப் புத்தகம். கோயிலுக்குக் கொடுத்த பணத்தை ஊர்ச் சபைகள்கிட்ட வட்டிக்கு விட்டிருக்காங்க. ஒரு காசுக்கு வருஷத்துக்கு அரைக்கால் காசு வட்டி. அரைக்கால்னா எட்டுல ஒரு பங்கு, அதாவது 12.5 சதவீதம். முதலைத் தொடாம, வட்டியில மட்டும் விளக்கும் பூஜையும் நடக்கணும்.

விளக்குக்கும் அதே ஏற்பாடுதான். ஒரு விளக்கு நிரந்தரமா எரிய 96 ஆடு. மேய்ப்பவர் தினமும் ஒரு உழக்கு நெய் கொடுக்கணும். ஆடு செத்தாலும் குட்டி போட்டாலும் கணக்குல 96தான். சோழர் காலக் கல்வெட்டுகள்ல இதுக்குப் பேரே "சாவா மூவாப் பேராடு". சாகாத, கிழடு ஆகாத ஆடு. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே கார்ப்பஸ் ஃபண்ட் எழுதி வெச்சிருக்காங்க. நாம லடாக்குக்குப் போக ஆட்டையே வித்துடறோம்.

மூணாவது நாள், கல்லணை – திருவையாறு – வடுவூர் – மன்னார்குடி: தஞ்சாவூர்ல இருந்து கல்லணை சுமார் 45 கி.மீ. கரிகாலன் கட்டினதா சொல்ற அணை. இங்கேதான் தண்ணி காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம்னு பிரியுது. கல்லணைக் கால்வாய் மேட்டூர் அணையோட சேர்ந்து 1934ல வந்தது. அதான் தஞ்சாவூர்க்காரங்க இன்னும் அதைப் "புது ஆறு"ன்னு சொல்றாங்க.

ஜனவரி கடைசிங்கறதால தண்ணி அளவாத்தான் போயிட்டிருந்தது. மேட்டூரை மூடுற வழக்கமான தேதி ஜனவரி 28. அப்பா வெண்ணாறு ஷட்டர் பக்கம் போய்க் கைப்பிடியைப் பிடிச்சிட்டு ரொம்ப நேரம் நின்னார். எந்த மதகு எந்த ஆத்துக்கு, முறை வைக்கும்போது எத்தனை நாள் திறப்பாங்க, எந்த வருஷம் கடைமடைக்கு வராமலே போச்சு, எல்லாம் சொன்னார். நான் வழிகாட்டிப் பலகையைப் படிக்கவே இல்லை. தேவைப்படலை.

சாயங்காலம் வடுவூர் ஏரி. இதுவும் காவிரித் தண்ணிய நம்பி இருக்கிற ஏரிதான். சூரியன் சாயுற நேரம் பறவைகள் கூட்டம் கூட்டமா திரும்பும். பைனாகுலர் வாங்க வேண்டாம், நண்பர்கள்கிட்ட இரவல் கேளுங்க. ராத்திரி நாங்க ஊர்ல வீட்டுலேயே தங்கிட்டோம், உங்களுக்கு மன்னார்குடியில லாட்ஜ் கிடைக்கும்.

நாலாவது நாள், திருத்துறைப்பூண்டி – வேதாரண்யம் – கோடியக்கரை – வேளாங்கண்ணி: 1930 ஏப்ரல் 13ல ராஜாஜியும் சுமார் 100 தொண்டர்களும் திருச்சியில கிளம்பி, நடந்தே ஏப்ரல் 28ல வேதாரண்யம் வந்து சேர்ந்தாங்க. உப்பு சத்தியாகிரகம். இவங்களுக்குச் சோறோ இடமோ கொடுத்தா தண்டனைன்னு அன்றைய தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டார். ஊர்க்காரங்க சோத்துப் பொட்டலத்தை மரத்துல கட்டித் தொங்கவிட்டுட்டுப் போயிட்டாங்களாம். ஏசி கார்ல அந்த வட்டாரத்து ரோட்டுல போகும்போது வீட்டுல இருக்கிற சின்னப் பசங்களுக்கு இதைச் சொல்லுங்க.

கோடியக்கரை 1967ல சரணாலயமா அறிவிச்சது. வெளிமான், காட்டுல திரியுற மட்டக்குதிரை, சீசன்ல பூநாரை. மதிய வெயில்ல போனா எதுவும் கண்ணுல படாது, 3 மணிக்கு மேல போங்க. நுழைவு நேரத்தையும் அன்னைக்கு அனுமதி உண்டான்னும் முன்கூட்டியே வனத்துறைகிட்ட கேட்டுக்குங்க. கூட ஒரு நாள் இருந்தா முத்துப்பேட்டை அலையாத்திக் காடு, படகுலதான் போகணும்.

அஞ்சாவது நாள், நாகப்பட்டினம் – காரைக்கால் – தரங்கம்பாடி – சென்னை: காரைக்கால் புதுச்சேரி யூனியன் பிரதேசம். வரி வேற, அதனால பெட்ரோல் லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு. டேங்க்கை இங்கே நிரப்புங்க. தரங்கம்பாடியில டேனிஷ்காரங்க 1620ல கட்டின டான்ஸ்போர்க் கோட்டை கடலைப் பார்த்து நிக்குது. பூம்புகாரும் போகணும்னா சீக்கிரம் கிளம்பணும், நாங்க விட்டுட்டோம்.

ரோட்டுல ஒரு எச்சரிக்கை. அறுவடை சமயத்துல கிராமத்து ரோட்டுல பாதி நெல்லைக் காயப் போட்டிருப்பாங்க. கொள்முதல் நிலையத்துல ஈரப்பதம் பார்ப்பாங்க, காய வைக்க வேற களம் இல்லை. ஹார்ன் அடிச்சு அது மேல ஏத்தாதீங்க, அது யாரோ ஒருத்தரோட ஆறு மாசச் சம்பளம். பிரதான சாலையைத் தாண்டிட்டா இருட்டினதுக்கு அப்புறம் ஓட்டாதீங்க.

கணக்கு: நாலு பேர், சொந்தக் கார், 4 ராத்திரி

நான் போட்ட திட்டம்:

- பெட்ரோல்: 1,100 கி.மீ., லிட்டருக்கு 16 கி.மீ., லிட்டர் 102 ரூபாய்: 7,000
- டோல், பார்க்கிங்: 1,500
- ரூம்: 2 ரூம் × 4 ராத்திரி × 1,600: 12,800
- சாப்பாடு: ஒருத்தருக்கு நாளைக்கு 450: 9,000
- நுழைவு, வனத்துறைக் கட்டணம்: 1,500
- கிளம்பும் முன் கார் சர்வீஸ், டயர் செக்: 2,000
- மொத்தம்: 33,800
- 10 சதவீதம் கூடுதல்: 3,400
- இலக்கு: 37,200

உண்மையில ஆன செலவு:

- பெட்ரோல்: 7,250
- டோல், பார்க்கிங்: 1,380
- ரூம் (ஒரு ராத்திரி ஊர்ல தங்கினதால 3 ராத்திரி): 9,900
- சாப்பாடு: 8,600
- நுழைவு: 900
- கார் சர்வீஸ், ஒரு பஞ்சர்: 2,300
- திட்டத்துலேயே இல்லாத ஷாப்பிங்: 2,600
- மொத்தம்: 32,930

ஷாப்பிங் வரியை நான் மறந்தே போயிட்டேன். கும்பகோணத்துல பித்தளை காபி ஃபில்டரும் தஞ்சாவூர்ல தலையாட்டி பொம்மையும் வாங்காம அம்மா வர மாட்டாங்கன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும். உங்க ஷீட்ல அதுக்கு ஒரு வரி போட்டுடுங்க. பெட்ரோலை ஊத்துறதுல யாரும் ஏமாற மாட்டோம், ஏமாறுறது இங்கேதான்.

பணம் சேர்த்த விதம்

2025 மார்ச்ல ஒரு ஆர்டி ஆரம்பிச்சேன். மாசம் 3,700, பத்து மாசம். 6.5 சதவீத வட்டியில முடிவுல சுமார் 38,100 கிடைச்சது. சில வங்கியில ஆர்டி குறைந்தபட்சம் 6 மாசம், சிலதுல 12 மாசம், கேட்டுட்டுப் போடுங்க. போஸ்ட் ஆபீஸ் ஆர்டி 5 வருஷக் கணக்கு, இதுக்கு ஒத்து வராது. ஒரு வருஷத்துல தேவைப்படுற காசை ஷேர்லயோ ஈக்விட்டி ஃபண்டுலயோ போடாதீங்க. ஜனவரியில மார்க்கெட் இறங்கினா சம்பாக் கதிர் உங்களுக்காகக் காத்திருக்காது.

இதே 37,200ஐ 16 சதவீதத்துல 12 மாச இஎம்ஐ-யில எடுத்திருந்தா, வட்டி மட்டும் சுமார் 3,300. ஆர்டியில வந்த 1,100ஐயும் சேர்த்தா வித்தியாசம் 4,400. நாங்க போட்ட விலையில ரெண்டு ரூம், கிட்டத்தட்ட ஒன்றரை ராத்திரி. கிரெடிட் கார்டுல தேய்ச்சுட்டு மினிமம் மட்டும் கட்டினா இன்னும் மோசம். மாசம் 3.5 சதவீதம்னு வெச்சா முதல் மாசமே 1,300 ரூபாய் வட்டி, அதுக்கு மேல ஜிஎஸ்டி.

வரிசையை மட்டும் மாத்தாதீங்க. முதல்ல எமர்ஜென்சி ஃபண்ட், அப்பா அம்மாவுக்கு ஹெல்த் இன்ஷூரன்ஸ். அதுக்கப்புறம்தான் ட்ரிப் ஆர்டி. என் வீட்டு முழங்கால் ஆபரேஷன் எங்களைக் கடன்ல தள்ளாம விட்டதுக்கு அந்த இன்ஷூரன்ஸ்தான் காரணம்.

அடிக்கடி வர்ற மூணு கேள்வி

"ஃபாஸ்டேக் வருடாந்திர பாஸ் வாங்கலாமா?" 2025 ஆகஸ்ட் 15ல வந்தது. அப்போ விலை 3,000 ரூபாய், ஒரு வருஷம் அல்லது 200 தடவை, எது முதல்ல வருதோ அது. தேசிய நெடுஞ்சாலை டோல்ல மட்டும்தான் செல்லும், மாநில ரோடு டோலுக்குத் தனியாக் கட்டணும். இந்த ஒரு ட்ரிப்புக்காக வாங்கினா நஷ்டம். மாசாமாசம் ஊருக்குக் கார்ல போறவங்க வாங்கலாம்.

"கார் இல்லை, செல்ஃப் டிரைவ் எடுக்கலாமா?" ரெண்டு பேர்னா வேண்டாம். சென்னையில உழவன் எக்ஸ்பிரஸ் ஏறினா காலையில தஞ்சாவூர். அங்கே ரெண்டு நாளைக்கு லோக்கல் டாக்சி. முன்பதிவு 60 நாள் முன்னாடி திறக்கும், அன்னைக்கே போட்டுடுங்க.

"தேசியப் பூங்காவும் வேணும்னா?" கோடியக்கரையில இருந்து ஈசிஆர் பிடிச்சுத் தெற்கே போனா ராமநாதபுரம், மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா இருக்கிற கடற்கரை. ரெண்டு நாளும் அதுக்கான காசும் கூடுதலா வேணும். அதையும் முன்கூட்டியே ஆர்டியில சேருங்க.

ஆர்டியில செலவு போக 5,170 மிச்சம். அதை எடுக்கலை, அடுத்த ஃபண்டோட முதல் தவணை அதுதான். திரும்பி வந்த அன்னைக்கு ராத்திரி அப்பா சாப்பிட்டுக்கிட்டே கேட்டார், "தம்பி, மேட்டூரு இன்னும் நான் பார்த்ததில்ல. எவ்வளவு ஆகும்?"

இந்த முறை ஷீட்டைத் திறந்து காட்டினேன்.

உங்க வீட்டுல யாராவது "ஒரு தடவை போலாமா"ன்னு கேட்டு, நீங்க தள்ளிப் போட்ட இடம் எது? அதோட பேரையும் தோராயமான செலவையும் கமெண்ட்ல எழுதுங்க. இந்த மாசச் சம்பளத்துலேயே அதுக்கு முதல் தவணையைப் போட்டுடுங்க.